பாவேந்தர் பாடல்களைச் சிறு நூலாக நீங்களே அச்சிட: உரிமை முதல் அஞ்சல் வரை

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஒரு புத்தகம், பள்ளி ஆண்டு விழாவில் ஒரு புத்தகம், படிப்பகத்தின் ஆண்டு நாளில் ஒரு புத்தகம். இப்படிக் கொடுப்பதற்குப் பாரதிதாசனைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. தங்கை திருமணத்துக்காக அவர் பாடல்களில் சிலவற்றைத் தொகுத்து 64 பக்க நூலாக அடித்தோம். எங்கே எதைக் கேட்பது என்று ஒழுங்காகச் சொல்ல ஆளில்லாமல் நிறைய அலைய வேண்டியிருந்தது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உரிமை வாங்குவது சிரமமில்லை. அச்சடிப்பதும் சிரமமில்லை. பாடலைப் பிழையில்லாமல் கொண்டுவருவதுதான் பெரிய வேலை. உங்கள் கையில் நான்கு மாதம் இருந்தால் இரண்டு மாதத்தை அதற்கே ஒதுக்குங்கள். நான்கு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பக்கத்தைக் குறையுங்கள், மெய்ப்புப் பார்ப்பதை (அச்சுப் பிழை திருத்துவதை) குறைக்காதீர்கள்.

1. உரிமையை உறுதிசெய்துகொள்ளுங்கள்

பாரதிதாசனின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளுக்கு முன்பே நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அதைத் தவிர்த்துச் சட்டக் கணக்கைப் பார்த்தாலும் தடையில்லை. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அவர் மறைந்தது 1964 ஏப்ரல் 21. ஆக, வாழ்நாளில் அவர் வெளியிட்டவற்றுக்கு அந்தக் காலம் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீங்கள் யாரிடமும் கடிதம் வாங்க வேண்டாம், கட்டணமும் கட்ட வேண்டாம். “அனுமதி வாங்கித் தருகிறேன்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் பாட்டு பொதுச்சொத்து என்பதால் அதைச் சுற்றியுள்ள எல்லாமே பொதுச்சொத்து ஆகிவிடாது. நான்கு இடங்களில் கவனம் வேண்டும்.

கடையில் வாங்கிய பதிப்பில் உள்ள முன்னுரை, அருஞ்சொற்பொருள், விளக்கவுரை எல்லாம் அதை எழுதியவருக்குச் சொந்தம். பாடலை எடுக்கலாம், அடியிலுள்ள பொருளை எடுக்கக் கூடாது.

அட்டைக்குப் போடும் படம் அடுத்தது. முறுக்கு மீசையும் கண்ணாடியுமாக இணையத்தில் சுற்றும் படங்களில் யார் எடுத்தது, யார் வரைந்தது என்று தெரியாதவைதான் அதிகம். ஊரில் ஓவியம் தெரிந்த பிள்ளையிடம் புதிதாக வரைந்து வாங்குங்கள். வரைந்தவர் பெயரை உள்ளே போடுங்கள்.

மூன்றாவது ஒலிப்பதிவு. ‘துன்பம் நேர்கையில்’, ‘சங்கே முழங்கு’ போன்றவை திரைப்படத்தில் வந்திருக்கின்றன. பாடல் வரியை நூலில் அச்சிடுவது வேறு, படத்தின் ஒலியை கியூஆர் குறியீட்டில் இணைத்துக் கொடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தனி உரிமை வேண்டும்.

நான்காவது, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு. மறைவுக்குப் பின் 70 ஆண்டு என்று கணக்கிடும் நாடுகள் பல உண்டு. அங்கேயே அச்சடிப்பதாக இருந்தால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இங்கே அடித்து எடுத்துப் போவது பெரும்பாலும் எளிது.

2. எதைச் சேர்ப்பது

கல்யாண நூல் என்றதும் வாழ்த்துப் பாடல்களையும் இயற்கைப் பாடல்களையும் மட்டும் எடுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். அது பாரதிதாசனைப் பாதியாக வெட்டிக் கொடுப்பது. 1938-இல் வந்த ‘பாரதிதாசன் கவிதைகள்’ முதல் தொகுதியில் பெண்ணுலகு என்றே ஒரு பகுதி இருக்கிறது. கைம்மைப் பழி, கைம்மைக் கொடுமை, மூடத் திருமணம், குழந்தை மணத்தின் கொடுமை, பெண்ணுக்கு நீதி என்று தலைப்புகளைப் பார்த்தாலே அவர் எதற்காக எழுதினார் என்று தெரியும். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி அரசே பேசத் தயங்கிய காலத்தில் ‘தவிப்பதற்கோ பிள்ளை?’ எழுதியவர் அவர்.

கைம்பெண் பாடலைக் கல்யாணத்தில் கொடுப்பதா என்று வீட்டில் பேச்சு வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. அத்தை ஒருத்தி, “நல்ல காரியத்துல அந்தப் பாட்டு எதுக்குப்பா?” என்றார். கணவரை இழந்த இன்னொரு அத்தை அதே கூடத்தில், வழக்கம்போலப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பாடலை நாங்கள் நீக்கவில்லை. நீங்களும் நீக்காதீர்கள். கூடவே ‘பெண் குழந்தை தாலாட்டு’ சேருங்கள், அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

‘குடும்ப விளக்கு’ ஐந்து பகுதி கொண்டது: ஒருநாள் நிகழ்ச்சி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு, முதியோர் காதல். முழுதும் 64 பக்கத்தில் அடங்காது. திருமணத்திலிருந்து கொஞ்சம், முதியோர் காதலிலிருந்து கொஞ்சம் எடுத்தால் வயதானவர்களும் விரும்பிப் படிக்கிறார்கள். பகுதியாக எடுத்தால் ‘ஒரு பகுதி’ என்று தலைப்பின் கீழ் போட்டுவிடுங்கள். நடுவில் விட்ட இடத்தில் புள்ளிக்கோடு போடுங்கள். சொல்லாமல் வெட்டி ஒட்டுவது தவறு.

பள்ளிக்கு என்றால் ‘அழகின் சிரிப்பு’, ‘இசையமுது’ இரண்டிலிருந்தும் எடுத்தால் போதும். படிப்பகத்துக்கு என்றால் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ முழுதாகவே சிறு நூலாக வரும். அந்தத் தலைப்பைத் தூய தமிழாக்குகிறேன் என்று மாற்றிவிடாதீர்கள், அது அவர் வைத்த பெயர்.

3. மூலப்பாடம் தேடுங்கள்

இதுதான் இருப்பதிலேயே நீண்ட படி.

இணையத்தில் தேடி, நகலெடுத்து, ஒட்டி அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த அடியையே காட்டுகிறேன். “தமிழுக்கும் அமுதென்று பேர்” என்பதுதான் பாட்டு. பாதிப் பேர் “தமிழுக்கு அமுதென்று பேர்” என்று எழுதுகிறார்கள். அந்த ‘உம்’ போனால் ஓசையும் போகிறது, பொருளும் சுருங்குகிறது. சுவர்களில், அழைப்பிதழ்களில், பதாகைகளில் எல்லாம் இந்தப் பிழை உண்டு. உங்கள் நூலிலும் அது வந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு பாடலுக்கும் இரண்டு அச்சுப் பதிப்பையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டில் ஒன்று பழைய பதிப்பாக இருந்தால் நல்லது. கிடைக்கும் இடங்கள்:

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய பதிப்புகளின் ஒளிவருடல்கள் (ஸ்கேன் படிகள்) இலவசம். வீட்டிலிருந்தே பார்க்கலாம். முதலில் இங்கே தொடங்குங்கள்.

சென்னையில் கன்னிமாரா பொது நூலகம், அதே வளாகத்தில் மறைமலை அடிகள் நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போகும்போது ஏதாவது ஓர் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். பாடல் தலைப்பு, நூல் பெயர், பதிப்பாண்டு மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டு போனால் நூலகர் விரைவாக எடுத்துத் தருவார். நகல் கட்டணம், படமெடுக்க அனுமதி இரண்டும் இடத்துக்கு இடம் மாறும். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

புதுச்சேரிக்குப் போக முடிந்தால் பெருமாள் கோயில் தெரு 95-ஆம் எண் வீட்டைப் பாருங்கள். அவர் வாழ்ந்த வீடு, இப்போது நினைவு இல்லமாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது.

ஒப்பிடும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: சீர் (செய்யுள் அடியின் ஓசைத் துண்டு) பிரித்து அடிப்பதா, சொல் பிரித்து அடிப்பதா. ‘குடும்ப விளக்கு’ப் பாடல் ஒன்று இப்படித் தொடங்கும்:

கல்வியில் லாத பெண்கள்
களர்நிலம், அந்நி லத்தில்

பழைய பதிப்பில் ‘கல்வியில்’ ஒரு சீர், ‘லாத’ ஒரு சீர். யாப்புத் தெரிந்தவர்களுக்கு இதுதான் சரி, வாய்விட்டுப் படிக்கும்போது ஓசை தானாக விழும். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘லாத’ என்றால் என்ன என்று கேட்கும். ‘கல்வி இல்லாத பெண்கள்’ என்று பிரித்தால் பொருள் உடனே விளங்கும், ஓசை சற்றுத் தளரும். சீர் பிரிப்பை அப்படியே வைத்து, கடினமான இடத்தில் மட்டும் அடிக்குறிப்பாகச் சொல் பிரித்துக் காட்டுவதுதான் நல்லது என்பது என் கருத்து. எதைச் செய்தாலும் நூல் முழுக்க ஒரே முறை வேண்டும். ஒரு பாடல் அப்படி, ஒரு பாடல் இப்படி என்றால் படிக்கிறவர் குழம்புவார்.

இன்னொரு பொறி: அவருடைய பாடல் என்று சுற்றும் எல்லாமே அவருடையவை அல்ல. பாரதியார் அடியை இவர் பெயரிலும், இவர் அடியைப் பாரதியார் பெயரிலும் போடுவது தினமும் நடக்கிறது. எந்த நூலில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று காட்ட முடியாத பாடலைச் சேர்க்காதீர்கள்.

4. தட்டச்சு

ஒளிவருடலிலிருந்து மென்பொருள் மூலம் எழுத்தை எடுத்தால் வேகமாக வரும். ஆனால் பழைய பதிப்புகளில் றா, னை, லை போன்றவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் இருக்கும், மென்பொருள் அங்கே தடுமாறும். ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறும். ‘ன’ ‘ள’ ஆகும். 64 பக்கம்தான் என்றால் கையால் தட்டச்சு செய்வதே நிம்மதி.

யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை) மட்டும் அடியுங்கள். ஊரில் உள்ள டிடிபி கடைகள் சிலவற்றில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும் பழைய எழுத்துருக்களும் புழங்குகின்றன. நீங்கள் கொடுத்த யூனிகோடை அவர்கள் மாற்றி எடுக்கும்போது ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகும், புள்ளி காணாமல் போகும். நாங்கள் முதலில் கொடுத்த ஒரு கடையில் ‘ஔ’ வந்த இடமெல்லாம் ‘ஒள’ என்று பிரிந்து வந்தது. இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடிலேயே பக்கம் வடிவமைக்கத் தெரிந்தவரா என்று முதலில் கேளுங்கள். மாதிரிக்கு இரண்டு பக்கம் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகு முழு வேலையைக் கொடுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசுவார்கள். அந்தத் தொகையில் எத்தனை முறை திருத்தம் அடங்கும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். அடி முழுதும் ஒரே வரியில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடி உடைந்து அடுத்த வரிக்குப் போனால் விருத்தம் உரைநடையாகிவிடும்.

5. மெய்ப்பு

திரையில் பார்க்காதீர்கள். தாளில் அடித்துப் பாருங்கள். குறைந்தது மூன்று சுற்று வேண்டும். முதல் சுற்றில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க இன்னொருவர் அச்சுத்தாளில் தொடர வேண்டும். ஒற்று மிகுமிடங்கள் காதுக்குத்தான் முதலில் தெரியும். இரண்டாவது சுற்றை ஒரு தமிழாசிரியரிடம் கொடுங்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இல்லாத ஊர் கிடையாது. பாரதிதாசனும் 1909-இல் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்தவர்தான், அவர் பெயரைச் சொன்னால் மகிழ்ச்சியாகச் செய்து தருவார்கள். மூன்றாவது சுற்று, திருத்தம் போட்ட இடங்களுக்கு மட்டும். ஒரு திருத்தத்தைப் போடும்போது பக்கத்து வரியில் புதிய பிழை புகுந்துவிடும்.

ஆசிரியர் தன் விருப்பத்துக்குச் சொல்லை மாற்றச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பழைய பாடலில் இன்று நாம் பயன்படுத்தாத சொல் இருந்தாலும் அது அப்படியே இருக்கட்டும். தேவையானால் உங்கள் முன்னுரையில் எழுதுங்கள்.

6. வாழ்க்கைக் குறிப்பும் உரிமைப் பக்கமும்

ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு போதும். அதில் பலர் சறுக்கும் இடங்கள்:

பிறந்தது 1891 ஏப்ரல் 29, மறைந்தது 1964 ஏப்ரல் 21. இரண்டும் ஏப்ரல் என்பதால் நாள் மாறிப் போகிறது. இயற்பெயர் கனகசுப்புரத்தினம். ‘புரட்சிக்கவி’ அவர் எழுதிய காவியத்தின் பெயர், ‘புரட்சிக்கவிஞர்’ அவருக்கு வழங்கப்பட்ட பட்டம். சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பிறகு, 1969-இல், ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்குக் கிடைத்தது. ‘விருது பெற்ற கவிதைகள்’ என்று அட்டையில் போட்டால் பிழை.

உரிமைப் பக்கத்தில் நூல் பெயர், தொகுத்தவர், பதிப்பு மாதமும் ஆண்டும், வெளியிடுவோர் பெயரும் ஊரும், அச்சகத்தின் பெயரும் ஊரும் வேண்டும். அத்துடன், ‘பாடல்கள் பொதுச்சொத்து, முன்னுரையும் குறிப்புகளும் தொகுப்பாளருடையவை’ என்று ஒரு வரி. எந்தெந்தப் பதிப்பிலிருந்து பாடம் எடுத்தீர்கள் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். அடுத்துப் பதிப்பிக்கிறவருக்கு நீங்கள் செய்யும் பேருதவி அது.

7. ஐஎஸ்பிஎன் வேண்டுமா

ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் பன்னாட்டு அடையாள எண். கல்யாணத்தில் கொடுத்து முடித்துவிடுவதானால் வேண்டாம். கடையில் விற்க, இணையத்தில் விற்க, நூலகத்துக்கு அனுப்ப வேண்டுமானால் வாங்கிவிடுங்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையவழியில் தருகிறது, கட்டணம் இல்லை. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். அமைப்பின் பெயரில் கேட்டால் பதிவுச் சான்றும் வேண்டும். சான்றில் உள்ள பெயரும் நூலில் வெளியிடுவோர் என்று போடும் பெயரும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். முதலெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால்கூடத் திருப்பி அனுப்பக்கூடும்.

எண் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம், அதனால் மெய்ப்பு தொடங்கும் அன்றே விண்ணப்பியுங்கள். இலவசமான இதற்குப் பணம் வாங்கும் இடைத்தரகர்கள் உண்டு. அச்சு நூலுக்கு ஒரு எண், மின்நூலுக்கு வேறு எண். மாற்றமில்லாத மறுஅச்சுக்குப் புதிய எண் தேவையில்லை.

8. அச்சகம்

டெம்மி 1/8 என்ற வழக்கமான நூல் அளவில் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதி) என்பது 16 பக்கம். ஆகவே 48, 64, 80 என்று 16-இன் மடங்கில் நிறுத்துங்கள். 68 பக்கம் என்றால் அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாகச் செலவு ஏறும். ஒரு பாடலைக் குறையுங்கள், அல்லது 80 ஆக்கிவிடுங்கள்.

எத்தனை படி (பிரதி) என்பதைப் பொறுத்து முறை மாறும். முந்நூறுக்குக் கீழே என்றால் டிஜிட்டல், ஐந்நூறுக்கு மேல் என்றால் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு 100 படிக்கும் ஒன்றுதான், 1000 படிக்கும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு படியின் அடக்கவிலை இறங்கும். இடைப்பட்ட எண்ணிக்கைக்கு இரண்டு விலையும் வாங்கிப் பாருங்கள்.

விலைப்புள்ளி கேட்கும்போது இவை எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: உள்தாள் எது (70 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ தாள் போதும்), அட்டை எத்தனை ஜிஎஸ்எம், லேமினேஷன் மேட்டா பளபளப்பா, நடுவில் பின் அடிப்பதா பெர்ஃபெக்ட் பைண்டிங்கா (முதுகில் பசை ஒட்டுவது), ஜிஎஸ்டி சேர்த்தா தனியா, வண்டிக் கூலி யாருடையது. புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் அச்சுக் கூலிக்கு உண்டு. கடைசியில் பட்டியல் வரும்போது இங்கேதான் தகராறு வரும். 64 பக்க நூலின் முதுகு மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அதில் பெயர் அச்சிட முடியாது. நடுப்பின்னே போதும், செலவும் குறைவு.

விலை போடுவதாக இருந்தால் கடைக்காரருக்கு 30 முதல் 40 விழுக்காடு கழிவு போகும் என்று கணக்கில் வையுங்கள். அடக்கவிலை 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ரூபாய் விலை போட்டு 40 விழுக்காடு கழித்தால் உங்கள் கைக்கு வருவது அதே 30. அஞ்சல் செலவு உங்கள் தலையில்.

முழு முன்பணம் கொடுக்காதீர்கள். பாதி கொடுத்து, இயந்திரத்தில் ஏற்றும் முன் ஒரு மாதிரிப் படியை பைண்டிங் செய்து காட்டச் சொல்லுங்கள், பக்க வரிசையைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சென்னைப் புத்தகக் காட்சிக்காக டிசம்பர், ஜனவரியில் அச்சகங்களில் வேலை குவிந்திருக்கும். அப்போது போனால் சிறு வேலை பின்னால் தள்ளப்படும். ஏப்ரல் 29 பிறந்தநாளுக்கு வேண்டும் என்றால் பிப்ரவரிக் கடைசியில் கோப்பு அச்சகத்தில் இருக்க வேண்டும். 2025 முதல் தமிழ்நாடு அரசு அந்த நாளிலிருந்து மே 5 வரை தமிழ் வாரம் கொண்டாடுகிறது. விழாவுக்கு நூல் கேட்டு வருகிறவர்கள் இருப்பார்கள், நூறு படி கூடுதலாக அடித்து வைத்தால் வீண்போகாது.

9. வெளிவந்த பிறகு

நூலக வழங்கல் சட்டம் (1954) படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் நான்குக்கும் உங்கள் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். இலவச வெளியீடு என்றாலும் அனுப்பிவிடுங்கள், பின்னாளில் யாராவது தேடினால் அங்கேதான் கிடைக்கும். கன்னிமாராவில் நேரில் கொடுத்தால் ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நூலக ஆணைக்கு (நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணைக்கு) விண்ணப்பிக்கும்போது கேட்கப்படலாம்.

வெளியூருக்கு அனுப்ப அஞ்சல் துறையின் ‘ஞான் போஸ்ட்’ மலிவு. 2025 மே மாதம் தொடங்கியபோது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. 64 பக்க நூல்கள் இரண்டு அந்த 300 கிராமுக்குள் அடங்கும். உறையில் கடிதம் வைக்கக் கூடாது, நூலில் விளம்பரம் இருக்கக் கூடாது, வெளியிட்டவர் அல்லது அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும். மணமக்கள் பெயரோடு கடைப் பெயரையும் பின்னட்டையில் போட்டு உறவினர் ஒருவர் செலவை ஏற்பதாகச் சொன்னால், அந்தப் படிகளை இந்த முறையில் அனுப்ப முடியாது. பழைய ‘பதிவு புத்தக அஞ்சல்’ 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, கவுன்டரில் அதைக் கேட்டு வரிசையில் நிற்க வேண்டாம்.

கோப்பை அழிக்காதீர்கள். முதல் படியைப் படிக்கிறவர்கள் பிழை சொல்வார்கள். ஒரு படியில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே வாருங்கள், மறுஅச்சுக்கு அந்தப் படியே மூலம். எங்கள் நூலில் இதுவரை வந்த திருத்தங்களில் பாதிக்கு மேல் அந்தப் பின்வரிசை அத்தை சொன்னவை.